பெயரும் எழுத்தும்

பசுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பெட்டிக்கடை ஓரமாக நின்றிருந்த ஓர் இளைஞரிடம், "தம்பி, இங்கே பாரதியார் இருந்த வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழி தவறி வந்துவிட்ட கிழவன் என்ற இரக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பாரதியார் வீடு எட்டயபுரத்துல இருக்கு சார். நீங்க மதுரைக்குத் திரும்பிப் போய் பஸ் பிடிக்கணும்" என்றார்.

கடைக்குள்ளிருந்த பெரியவர் தலையை நீட்டி, "அவர் நாவலரைக் கேக்குறாருப்பா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது.

அந்த இளைஞர் மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. பாரதியார் என்றால் தமிழ்நாட்டில் ஒருவர்தான். முண்டாசும் முறுக்கு மீசையுமாகச் சுவரெல்லாம் நிற்கிற அந்த ஒருவர். ஆனால் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அதே எட்டயபுரத்தில் வளர்ந்தவர், 1879இல் பிறந்தவர், சுப்பிரமணிய பாரதியைவிட மூன்று வயது மூத்தவர், அவருடைய பால்யத் தோழர். 'பாரதி' என்ற பட்டம்கூட இருவருக்கும் ஒரே சபையில், ஒரே சமயத்தில் கிடைத்தது என்று நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். நெல்லையில் புலவர்கள் கூடியிருந்த அவையில் ஈழத்துப் புலவர் ஒருவர் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்னாராம், எல்லாரும் பாடினார்களாம், இரண்டு சிறுவர்களுடைய பாட்டு மட்டும் மற்றவற்றைவிட நன்றாயிருக்கவே, இருவருக்கும் அந்தப் பட்டத்தை அளித்தாராம். எட்டயபுரத்து அவையிலேயே சுப்பையாவுக்குப் பட்டம் கிடைத்தது என்பது மற்றொரு மரபு. எது சரியானாலும் ஒரு விஷயம் மாறவில்லை. கலைமகளின் பெயரை இரண்டு பிள்ளைகள் சுமந்துகொண்டு புறப்பட்டார்கள். ஒருவருக்கு அந்தப் பெயர் மலையாக உயர்ந்தது. மற்றவர் அந்த மலையின் நிழலிலே நின்றுவிட்டார்.

ஓர் எழுத்தின் மதிப்பு அந்த எழுத்தில் இருக்கிறதா, எழுதியவனுடைய கியாதியில் இருக்கிறதா என்ற கேள்வி எனக்குப் பல வருஷமாக உறுத்திக்கொண்டிருப்பது. ஏன் உறுத்துகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வழக்கைப் பார்ப்போம்.

இந்த வழக்கை விசாரிக்க மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. திருவிளையாடற் புராணத்தில் வரும் தருமியின் கதையை நினைத்துப் பாருங்கள். 1965இல் வந்த சினிமாவில் நாகேஷ் அதை நடித்த பிறகு, புராணம் படிக்காதவர்களுக்கும் அந்தக் கதை தெரியும். பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா என்று பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி. ஏழைத் தருமி கோயிலில் நின்று அழுகிறான். இறைவன் ஒரு பாட்டை எழுதிக் கொடுக்கிறார். தருமி அதைச் சபையில் படிக்கிறான். அரசனுக்குப் பிடிக்கிறது. நக்கீரருக்குப் பிடிக்கவில்லை, பொருளில் குற்றம் என்கிறார்.

இதுவரை நடந்தது சாதாரண விஷயம். பேர் தெரியாத ஒருவன் பாட்டுக் கொண்டுவந்தான். பெரிய புலவர் தள்ளினார். அடுத்து நடப்பதுதான் கதை. பாட்டை எழுதியவரே சபைக்கு வருகிறார். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது பெயர்தான். சபையில் எல்லாருடைய முகமும் அந்தக் கணத்தில் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நக்கீரர் மட்டும் மாறவில்லை. தருமி நின்றபோது எந்தக் குற்றத்தைச் சொன்னாரோ, அதே குற்றத்தை நெற்றிக்கண்ணின் முன்னாலும் சொன்னார். அதற்குப் பலனாகப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்.

நக்கீரர் சொன்ன குற்றம் சரியான குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக 'இறையனார்' என்ற பெயரோடு இருக்கிறது. இறையனார் என்று பெயருள்ள ஒரு புலவர் இருந்திருக்க வேண்டும். பெயரை வைத்துக் கதை பின்னால் வளர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். புராணத்தை மறந்துவிட்டுப் படித்தால், தும்பியைப் பார்த்துக் காதலன் கேட்கிற அழகான காதல் பாட்டு அது. நக்கீரர் ரசனையில் தவறியிருக்கலாம். ஆனால் நேர்மையில் தவறவில்லை. விமரிசகனுக்கு வேண்டிய இரண்டு குணங்களில், மிகவும் அபூர்வமானது அவரிடம் இருந்தது.

அதே குறுந்தொகையில் இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்றும் இருக்கிறது. நாற்பதாம் பாட்டை எழுதியவர் யார் என்று தெரியாது. ஏடு தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? செம்மண்ணில் பெய்த மழைநீரை அவர் உவமையாகச் சொல்லியிருந்ததால், அந்த உவமையையே பெயராக்கிச் 'செம்புலப் பெயனீரார்' என்று எழுதி வைத்தார்கள். இப்படி உவமையாலும் சொல்லாலும் பெயர் பெற்றவர்கள் அந்தத் தொகைகளில் இன்னும் பலர் உண்டு: ஓரேருழவர், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார். ஊர் தெரியாது, குலம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. பெயர் பாட்டுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. பாட்டுத்தான் பெயரைக் கொடுத்தது. உலக இலக்கியத்தில் இதைவிடப் பெரிய பட்டமளிப்பு விழா நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்படிப்பட்ட தொகுப்பாளர்கள் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. ஹாலந்து தேசத்தில் வான் மீகரன் என்று ஓர் ஓவியர் இருந்தார். தம் பெயரில் தீட்டிய படங்களுக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் அவருக்கு. பதினேழாம் நூற்றாண்டு மேதையான வெர்மீரின் பாணியில் ஒரு கிறிஸ்துநாதர் படத்தைத் தீட்டி, பழையது போல் வெடிப்புகள் உண்டாக்கி வெளியே விட்டார். 1937இல் அந்தத் துறையில் தலைசிறந்த நிபுணர் ஒருவர் அதை வெர்மீரின் உன்னத சிருஷ்டி என்று கொண்டாடினார். ராட்டர்டாம் நகரத்து மியூசியம் பெரிய விலை கொடுத்து வாங்கியது. யுத்தம் முடிந்ததும், நாஜித் தலைவர் கோயரிங்குக்கு ஒரு 'வெர்மீர்' படத்தை விற்ற குற்றத்துக்காக மீகரனைப் பிடித்தார்கள். தேசத்தின் செல்வத்தை எதிரிக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. அதிலிருந்து தப்ப, "அதை நான்தான் தீட்டினேன்" என்று அவர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. நம்பாதவர்களுக்காகக் காவலில் இருந்துகொண்டே இன்னொன்றும் தீட்டிக் காட்டினார். மியூசியத்தில் இருந்த துணி அதே துணி. வர்ணம் அதே வர்ணம். நேற்றுவரை அதன் முன் கண்ணீர் விட்டவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அது ஓவியம். ஒரு பிரதிதான் உண்டு. ஆகவே பெயர்தான் விலை. இலக்கியம் அப்படியல்ல" என்று நீங்கள் சொல்லலாம். கம்பனைப் படிக்கக் கம்பன் கையால் எழுதிய ஏடு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனாலும் பாருங்கள்: டோரிஸ் லெஸ்ஸிங் என்ற ஆங்கில நாவலாசிரியை, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், தாம் எழுதிய ஒரு நாவலை வேறு பெயர் போட்டு அனுப்பினார். அவருடைய புத்தகங்களை வழக்கமாகப் பிரசுரித்து வந்த நிறுவனமே அதைத் திருப்பி அனுப்பியது. வேறோர் இடத்தில் 1983இல் வெளிவந்தபோது அதிகம் பேர் கவனிக்கவில்லை. மறு வருஷம் உண்மையைச் சொன்னதும் இலக்கிய உலகம் கூச்சத்தோடு திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. இலக்கியத்தில் பெயர் விற்பது விலையை அல்ல, பொறுமையை. பிரசித்தி பெற்ற ஆசிரியருடைய பக்கம் ஒன்று புரியாவிட்டால், "நமக்குத்தான் எட்டவில்லை" என்று மறுபடி படிக்கிறோம். பேர் தெரியாதவருடைய பக்கம் புரியாவிட்டால், "இவனுக்கு எழுதத் தெரியவில்லை" என்று மூடிவிடுகிறோம். கியாதி என்பது வாசகன் முன்கூட்டியே கொடுக்கும் கடன். வங்கிகளைப் போலவே வாசகர்களும் ஏற்கெனவே பணம் உள்ளவனுக்குத்தான் கடன் கொடுக்கிறார்கள்!

நம் சுப்பிரமணிய பாரதிக்கு அந்தக் கடன் எப்போது கிடைத்தது? அவர் 1904இல் மதுரைக்கு வந்தார். சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அரசஞ்சண்முகனார் விடுமுறையில் போன இடத்தில், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அந்த வருஷம்தான் மதுரையிலிருந்து வந்த 'விவேகபாநு'வில் அவருடைய கவிதை முதன்முதலாக அச்சேறியது. அன்றைக்கு அவர் இன்னொருவருடைய நாற்காலியில் சில மாதம் உட்கார வந்தவர், அவ்வளவுதான்.

1907இல் நடந்ததாகச் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜி. ஏ. நடேசன் அவரை வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துப் போனார். கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. 'இந்தியா' பத்திரிகையில் பாரதியின் கண்டனத்துக்கு ஆளானவர். அதனால், வந்திருப்பவர் யார் என்று சொல்லாமலே பாடச் சொன்னாராம் நடேசன். பாட்டைக் கேட்ட ஐயர் உருகிப் போனார். பாடியவர் யார் என்று தெரிந்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை. தம் செலவிலேயே அந்தத் தேசியப் பாட்டுக்களை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பெயரை மறைத்து வைத்ததால் ஒரு பாட்டு தப்பியது! பெயர் பாட்டுக்கு உதவும் என்கிறோம். சில சமயம் பெயர்தான் பாட்டுக்கு எதிரி.

ஆனால் 15,000 பிரதிகள் பரவியதால் கவிஞருக்குச் சோறு கிடைத்துவிடவில்லை. 1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துக்களையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி வீதம் அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடன் வேண்டும் என்றும் அவர் ஓர் அறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சாதாரணமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1928இல் அவருடைய பாட்டுப் புத்தகங்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. அதுவும் ஒரு விளம்பரம்தான். முப்பதுகளின் மத்தியில், பாரதி மகாகவியா இல்லையா என்று பெரிய சண்டை. வ.ரா. மகாகவி என்றார். கல்கி, பாரதி பெரிய கவிதான், ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்றார். கு.ப.ரா.வும் சிட்டியும் கல்கிக்குப் பதிலாக எழுதியவை 'கண்ணன் என் கவி' என்ற புத்தகமாக வந்தன. பாட்டுக்களின் ஒலிபரப்பு உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947இல் 'நாம் இருவர்' படத்தில் அவை தமிழ்நாடெங்கும் முழங்கின. வேறொரு படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைத் தகராறு எழுந்தது. கவியின் பாட்டு ஒருவருடைய சொத்தா என்று எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949இல் சென்னைச் சர்க்கார் உரிமையைப் பெற்று நாட்டுக்குச் சொந்தமாக்கியது. உலகத்தில் ஒரு கவிக்கு இப்படி நடப்பது அபூர்வம்.

1920இல் யாரும் கடன் கொடுக்காத அதே பாட்டுக்களுக்கு 1949இல் ஓர் அரசாங்கமே முன்வந்தது. இடையில் ஒரு கமாவாவது மாறியதா? இல்லை. அப்படியானால் மதிப்பு முழுவதும் பெயர்தானா? அப்படிச் சொல்லவும் முடியாது. கிருஷ்ணசாமி ஐயர் பெயரைக் கேட்டு உருகவில்லையே! பாட்டில் இருந்த சக்தி 1907லும் இருந்தது. அதைக் கேட்கக்கூடிய அமைதியைச் சபையில் உண்டாக்கியது மட்டும் கியாதி.

அந்தக் கியாதிக்கு நாம் கொடுக்கும் விலையும் ஒன்று உண்டு. 'இந்தியா' பத்திரிகையில் கையெழுத்தில்லாமல் வந்த ஒரு சிறு குறிப்பை இன்று எடுத்துப் படிப்பவனுக்கு அது பழைய செய்தி. அது பாரதி எழுதியது என்று ஒருவர் நிரூபித்துவிட்டால் மறுநாளே அது பொக்கிஷம். சரித்திரத்துக்கு அது நல்லதுதான். ரசனைக்கு நல்லதா? 'பாஞ்சாலி சபத'த்துக்கும் ஒரு பத்திரிகைத் துணுக்குக்கும் ஒரே சாம்பிராணி போடுகிறவன் பாரதியைப் படிக்கவில்லை, பூஜை செய்கிறான். கல்கியைப் பாருங்கள். மகாகவி அல்ல என்று எழுதிய அவரே, எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப ஊரெல்லாம் நிதி திரட்டி 1947இல் அதைத் திறக்கச் செய்தார். அவருடைய தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எடைபோடுவது வேறு, வணங்குவது வேறு என்று தெரிந்திருந்த மனிதர் அவர்.

இனிப் பசுமலைக்கு வருகிறேன். சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியில் வக்கீல், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் முயற்சியில் கூட நின்றவர்; பின்பு மதுரைக்கு வந்து பசுமலையில் குடியேறினார். 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். முதல் இந்தி எதிர்ப்பில் முன்னணியில் நின்றார். 1944இல் ஈழம் அவருக்கு 'நாவலர்' பட்டம் தந்தது. 1959 டிசம்பர் 14ஆம் தேதி மறைந்தார். தொல்காப்பியப் பொருட்படலத்துக்குப் புத்துரை எழுதியவர். 'சேரர் தாயமுறை', 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' முதலிய நூல்களை எழுதியவர்.

அவருடைய புத்தகங்களுக்கு இரண்டு வகை வாசகர்கள் உண்டு. பாரதியின் நண்பர் என்பதற்காகப் புகழ்கிறவர்கள் ஒரு வகை. பாரதி அல்ல என்பதற்காகத் திறக்காதவர்கள் இன்னொரு வகை. இருவருமே எழுத்தைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள். நான் ஒரு காரியம் செய்தேன். பள்ளிப் பையன் போலப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பெயரை மறைத்துவிட்டுப் படித்தேன்.

மாரியைத் தூது விடும் 'மாரி வாயில்' என்ற அவருடைய செய்யுள் நூல் எனக்குப் படிப்பாளியின் செய்யுளாகத்தான் பட்டது. யாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சில் தைத்து இருந்துவிடும் அடி எனக்குக் கிடைக்கவில்லை. நண்பருடைய பாட்டின் பக்கத்தில் வைக்காமலே படித்தும் இதுதான் என் அபிப்பிராயம்.

'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' வேறு சங்கதி. கைகேயியை மணந்தபோதே, அவள் மகனுக்கு ராஜ்யம் என்று தசரதன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆகவே நாடு பரதனுக்கு உரியது. பரதன் ஊரில் இல்லாதபோது பட்டம் சூட்ட அவசரப்பட்டவன் தசரதனே. கைகேயி கணவனைப் பெரும்பழியிலிருந்து காத்தவள் என்று வாதிக்கிறார். அந்த வாக்கைப் பற்றி வால்மீகியில் ராமனே சித்திரகூடத்தில் பரதனிடம் சொல்கிறான். ஊர் முழுவதும் வைகிற ஒரு பெண்ணுக்காக ஒரு வக்கீல் எழுந்து நின்று, சாட்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறார். முடிவை நீங்கள் ஏற்காமல் போகலாம். நானும் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு கைகேயியைப் பழைய கண்ணால் பார்க்க முடிவதில்லை. விமரிசனம் செய்ய வேண்டிய வேலை வேறென்ன? இதையே சுப்பிரமணிய பாரதி எழுதியிருந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆக, கவிதையில் நாவலர் பின்தங்கியது நியாயம். உரைநடையில் பின்தங்கியது அநியாயம். கியாதி ஆளைத்தான் எடைபோடுகிறது; நூலை எடைபோடுவதில்லை. ஒருவரைத் தூக்கினால் மொத்தமாகத் தூக்குகிறது. தள்ளினால் மொத்தமாகத் தள்ளுகிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் வாசகன் என்று ஒருவன் வேண்டியிருக்கிறது.

என்னை உறுத்துவது என்ன என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? பல வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு நான் நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். கதைகளில் பெயர் இராது, எண்தான் இருக்கும். ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நடையைப் பார்த்ததும், பெரிய எழுத்தாளர் ஒருவர் விளையாட்டாகக் கலந்துகொண்டிருக்கிறார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். முதல் மார்க் போட்டேன். கடைசிக் கூட்டத்துக்கு முன், அந்த எழுத்தாளர் போட்டிக்கு எழுதவே இல்லை என்று தற்செயலாகத் தெரிந்தது. கதையை மறுபடி எடுத்தேன். என்ன ஆச்சரியம்! முன்பு ஆழமாகத் தெரிந்த இடம் இப்போது குழப்பமாகத் தெரிந்தது. சிக்கனம் என்று வியந்த முடிவு, அவசர முடிவாகப் பட்டது. மார்க்கைக் குறைத்தேன். கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. பெயர்களைத் திறந்தபோது, அதை எழுதியவர் ஒரு சிற்றூர்ப் பெண் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு கதையும் நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை.

நக்கீரர் பெயர் தெரிவதற்கு முன்னும் பின்னும் ஒரே குற்றத்தைச் சொன்னார். நானோ, பெயர் போன பிறகுதான் குற்றம் கண்டுபிடித்தேன்.

தருமிக்காக வழக்காடக் கோயிலிலிருந்து இறைவனே வந்தார். கைகேயிக்காக வழக்காடப் பசுமலையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அந்தப் பெண்ணுக்காக வழக்காட ஒருவரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவன் நான்.